டெர்மினல் மல்டிபிளெக்சர்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழ்த் தேர்வர்களுக்கு முக்கியக் குறிப்புகள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மறையூர், மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியார் பக்கம் தமிழில் படித்து வளர்ந்து, இப்போது கணினித் துறைத் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கைகளுக்காக இந்தக் குறிப்புகள். டெர்மினல் மல்டிபிளெக்சரின் பெயரைச் சொல்லி நேரடியாக வினா வருவது அரிது. ஆனால் அதன் அடியில் இருக்கும் புராசஸ், சிக்னல், சாக்கெட், போலி டெர்மினல் ஆகியவை இயங்குதளப் பாடத்தின் உயிர்நாடி. யுஜிசி நெட் கணினி அறிவியல் பாடத்திட்டத்தில் லினக்ஸ் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. நேர்முகத் தேர்விலோ, சர்வரைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலோ இந்தக் கருவியைச் சந்திக்காமல் இருக்க முடியாது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் ஒன்றுபோலவே ஒலிப்பதால், குழப்பம் வரும் இடங்களில் அந்த விசை எந்தச் சொல்லின் முதலெழுத்து என்று சொல்லியிருக்கிறேன்.

அடிப்படை

• டெர்மினல் மல்டிபிளெக்சர் என்பது ஒரே டெர்மினலுக்குள் பல ஷெல்களை இயக்கவும், அவற்றை விட்டுப் பிரிந்து பின்பு அதே நிலையில் திரும்பச் சேரவும் உதவும் நிரல். திரையைப் பிரிப்பதுதான் இதன் வேலை என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி விடை. பிரிந்து சேர்வதே இதன் முதன்மைப் பயன்.

• காரணம் தெளிவாகப் புரிய வேண்டும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் இருக்கும் சர்வரில் நுழைந்து ஒரு நிரலை ஓடவிட்டிருக்கிறீர்கள். இணைப்பு அறுந்ததை சர்வர் உணர்ந்ததும், அந்த ஷெல்லும் அதன் கீழ் ஓடும் நிரலும் ஹேங்-அப் சிக்னலைப் பெறும். அதன் எண் 1. இயல்பு நடவடிக்கை, புராசஸ் முடிவுக்கு வருதல். தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் இணைந்திருந்த காலத்தில், மறுமுனையில் ரிசீவரை வைத்துவிட்டதைக் குறிக்க வந்த பெயர் இது.

• மல்டிபிளெக்சர் இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டிவிடுகிறது. டீமக்ஸ் என்ற மல்டிபிளெக்சர் இரண்டு பகுதிகளாக இயங்குகிறது: சர்வர், கிளையன்ட். ஷெல்கள் எல்லாம் டீமக்ஸ் சர்வரின் பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போலி டெர்மினல் உண்டு. நீங்கள் பார்க்கும் திரை வெறும் கிளையன்ட். இணைப்பு அறுந்தால் சாவது கிளையன்ட் மட்டுமே. சர்வரும் அதன் பிள்ளைகளும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் இணைப்பது யூனிக்ஸ் சாக்கெட். அது இயல்பாக டெம்ப் அடைவுக்குள், பயனர் எண்ணைப் பெயரில் தாங்கிய துணை அடைவில் இருக்கும்.

• படிநிலை: சர்வர், அதற்குள் செஷன், அதற்குள் விண்டோ, அதற்குள் பேன். பேன் என்பதே ஒரு ஷெல் ஓடும் கட்டம். இந்த வரிசையை மாற்றித் தந்து சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தடுமாறக்கூடாது.

• டீமக்ஸில் இருந்து பிரிவது வேறு, வெளியேறுவது வேறு. பிரிந்தால் வேலை தொடரும். பேனில் எக்ஸிட் என்று தட்டினால் அந்த ஷெல் முடிந்துவிடும். கடைசி பேனும் மூடினால் செஷனும் போய்விடும்.

• கணினியே மீண்டும் துவங்கினால்? எல்லாம் போய்விடும். செஷன்கள் நினைவகத்தில் இருப்பவை, வட்டில் எழுதப்படுபவை அல்ல. சாளர அமைப்பையும் அடைவுகளையும் கோப்பில் சேமித்து மீட்டுத்தரும் ரெசரெக்ட், அதைத் தானாகவே 15 நிமிடங்களுக்கு ஒருமுறை செய்யும் கன்டினியூம் ஆகிய செருகுநிரல்கள் உண்டு. ஆனால் அவையும் ஓடிக்கொண்டிருந்த கணக்கீட்டை விட்ட இடத்தில் இருந்து தொடரவைக்காது.

வரலாறு: ஆண்டுகளும் பெயர்களும்

• குனூ ஸ்கிரீன்: 1987. ஆலிவர் லாவ்மன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எழுதியது. உரிமம் ஜிபிஎல்.

• எஸ்எஸ்எச்: 1995. பின்லாந்தின் டாட்டு யுலோனென். அதாவது ஸ்கிரீன் எஸ்எஸ்எச்சுக்கு மூத்தது. இணைப்பு அறுவது என்ற சிக்கல் எஸ்எஸ்எச்சோடு பிறந்ததல்ல என்பதற்கு இந்த வரிசையே சான்று.

• டீமக்ஸ்: 2007. நிக்கலஸ் மேரியட் எழுதியது. மொழி சி. உரிமம் ஐஎஸ்சி. 2009இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்பில் சேர்ந்தது. முதலில் இடம்பெற்ற பதிப்பு 4.6.

• பையோபு: 2009. உபுண்டுவுக்காக டஸ்டின் கிர்க்லண்ட் எழுதியது. இது தனி மல்டிபிளெக்சர் அல்ல. ஸ்கிரீன் அல்லது டீமக்ஸ் மீது போர்த்திய உறை. எஃப்2 புதிய விண்டோ, எஃப்3, எஃப்4 இடம்வலம் நகர்தல், எஃப்6 பிரிதல்.

• மாஷ்: 2012, எம்ஐடி. இதை மல்டிபிளெக்சரோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். யூடிபி வழியாக இயங்கும் தொலை ஷெல் இது. இணைய முகவரி மாறினாலும் இணைப்பைத் தக்கவைக்கும். திரையைப் பிரிக்காது.

• 2019இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 ஸ்கிரீனை விட்டுவிட்டு டீமக்ஸை வைத்துக்கொண்டது. அலுவலகச் சர்வர்களில் டீமக்ஸ் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் மாநிலத்தில் இது எங்கே பொருந்துகிறது

• கேரள மாணவருக்கு லினக்ஸ் அந்நியமல்ல. பேராசிரியர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் அறிக்கையை ஒட்டி ஐடி@ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிவைத்தார். பின்னர் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. ஐடி@ஸ்கூல் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக உருவெடுத்தது. மாணவர் மன்றமான லிட்டில் கைட்ஸ் 2018இல் வந்தது.

• பள்ளிகளில் பயன்படும் கைட் குனூ/லினக்ஸ், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. 22.04 பதிப்பு, உபுண்டு 22.04 மீது எழுந்தது. அந்த உபுண்டுவின் களஞ்சியத்தில் கிடைக்கும் டீமக்ஸ் 3.2ஏ. இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கீழே ஓரிடத்தில் தேவைப்படும். கணினியில் டீமக்ஸ் இல்லையென்றால் ஆப்ட் கட்டளையால் நிறுவிக்கொள்ளலாம்.

• கே-ஃபோன் இணையத் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இலக்கு சுமார் 30,000 அரசு அலுவலகங்களும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களும். இதன் இழைக்கம்பிகள் பெருமளவு மின்வாரியத்தின் கோபுரங்களையும் கம்பங்களையும் பற்றிச் செல்கின்றன. மலைப்பாதையில் மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் ஒருசேரப் போவதன் காரணத்தை இதிலிருந்தே ஊகிக்கலாம். தேவிகுளத்திலோ நெல்லியாம்பதியிலோ இருந்து தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்பவருக்கு, பிரிந்து சேரும் வசதி வெறும் சொகுசு அல்ல. நகரத்தில் இருப்பவரைவிட அவருக்கே இது அதிகம் தேவை.

• ஐஐடி பாலக்காடு 2015இல் தொடங்கியது. வளாகம் வாளையாறு எல்லைக்கு அருகே கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. தேசிய மீக்கணினித் திட்டத்தின் பயிற்சிக்கான மையங்களாக அமைந்த நான்கு ஐஐடிகளில் இதுவும் ஒன்று. மற்றவை கரக்பூர், சென்னை, கோவா. மீக்கணினியில் நுழைவு முனைக்கு எஸ்எஸ்எச் வழியாகச் செல்கிறோம், கணக்கீட்டை வரிசைப்படுத்தும் நிரலிடம் ஒப்படைக்கிறோம். ஒப்படைத்த வேலை உங்கள் இணைப்பைச் சார்ந்து ஓடுவதில்லை. எனவே அதற்கு டீமக்ஸ் தேவையில்லை. நிரலைத் திருத்துவதற்கும், வெளியீட்டைக் கவனிப்பதற்கும், நீண்ட கோப்பு நகலெடுப்புக்குமே டீமக்ஸ். நுழைவு முனையில் டீமக்ஸைத் திறந்துகொண்டு கனமான கணக்கீட்டை அங்கேயே ஓட்டுவது தவறு.

• மொழி உரிமை பற்றி ஒரு குறிப்பு, பொது அறிவுப் பகுதிக்கும் உதவும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் வந்தது. அதன்படி மலையாளமும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதம் எழுத அதில் இடமுண்டு. பாலக்காடு மாவட்டம் உருவானது 1957 ஜனவரி 1, இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26.

முன்விசையும் இயல்பு விசைகளும்

• டீமக்ஸின் முன்விசை கன்ட்ரோலும் ஆங்கில இரண்டாம் எழுத்தும். ஸ்கிரீனின் முன்விசை கன்ட்ரோலும் ஆங்கில முதலெழுத்தும். முன்விசையை அழுத்தி, விட்டு, பிறகு கட்டளை விசையைத் தட்ட வேண்டும். மூன்றையும் ஒன்றாக அழுத்துவது புதியவர் எல்லாரும் செய்யும் பிழை.

• முன்விசைக்குப் பின்: கிரியேட்டின் முதலெழுத்து புதிய விண்டோ, நெக்ஸ்டின் முதலெழுத்து அடுத்தது, ப்ரீவியஸின் முதலெழுத்து முந்தையது, டிடாச்சின் முதலெழுத்து பிரிதல், ஜூமின் முதலெழுத்து ஒரு பேனை முழுத்திரையாக்கல், மறுபடி தட்டினால் பழைய நிலை, கேள்விக்குறி விசைகளின் பட்டியல், முக்காற்புள்ளி கட்டளை வரி, இடப்பக்கச் சதுர அடைப்பு நகலெடுக்கும் நிலை, இடைவெளி விசை அடுத்த அடுக்கமைப்பு. 0 முதல் 9 வரையிலான எண்கள் அந்தந்த விண்டோவுக்குக் கொண்டுசெல்லும்.

• சதவீதக் குறி இடம்வலமாகப் பிரிக்கும். இரட்டை மேற்கோள் மேல்கீழாகப் பிரிக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடம்வலமாகப் பிரிக்கும் கட்டளையின் பெயர் ஸ்பிளிட்-விண்டோ, அதன் கொடி ஹாரிசான்டலின் முதலெழுத்து. ஆனால் நடுவில் விழும் கோடு செங்குத்தாக இருக்கும். டீமக்ஸ் பேன்கள் அடுக்கப்படும் திசையைச் சொல்கிறது, கோட்டின் திசையை அல்ல. விம் எடிட்டரில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

தனக்கேற்ப அமைத்தல்

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். எவரோ எழுதிய முந்நூறு வரி அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டு, எந்த விசை என்ன செய்கிறது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். முதலில் இயல்பு விசைகளிலேயே சில நாள் வேலை செய்யுங்கள். கை எங்கே தயங்குகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். என் கணிப்பில் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் தொடக்கத்தில் எவருக்கும் தேவைப்படாது.

• கோப்பு: வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் டீமக்ஸ்.கான்ஃப். 3.1 பதிப்பிலிருந்து கான்ஃபிக் அடைவுக்குள் டீமக்ஸ் என்ற துணை அடைவிலும் வைக்கலாம். ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன்ஆர்சி.

• இந்தக் கோப்பை டீமக்ஸ் எப்போது படிக்கிறது? சர்வர் தொடங்கும்போது ஒருமுறை மட்டும். புதிய செஷன் திறந்தாலும் மறுபடி படிக்காது. கோப்பைத் திருத்திய பிறகு சோர்ஸ்-ஃபைல் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பலரும் ரீலோடின் முதலெழுத்தில் இதைப் பிணைத்துக்கொள்கிறார்கள். அந்த விசையின் இயல்பு வேலை திரையை மறுபடி வரைவது. அதை இழப்பதால் பெரிய நட்டமில்லை.

• கோப்பிலிருந்து ஒரு வரியை நீக்கிவிட்டு மறுபடி படிக்கவைத்தால் பழைய பிணைப்பு மறையாது. சர்வரின் நினைவில் அது இருந்துகொண்டே இருக்கும். அன்பைண்ட் கொடுக்க வேண்டும், அல்லது சர்வரை மூடித் திறக்க வேண்டும்.

• முன்விசையை மாற்ற மூன்று வரிகள்: பழையதை அன்பைண்ட் செய்தல், ப்ரிஃபிக்ஸ் விருப்பத்துக்குப் புதிய விசையைக் கொடுத்தல், அதே விசையை இருமுறை அழுத்தினால் உள்ளே ஓடும் நிரலுக்குப் போகும்படி செண்ட்-ப்ரிஃபிக்ஸ் பிணைத்தல். மூன்றாவதை மறந்தால் அந்த விசை உள்ளிருக்கும் நிரலுக்குக் கிட்டாமலே போகும்.

• எந்த விசை நல்லது? ஸ்கிரீனின் முன்விசை கைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் பாஷ் ஷெல்லில் அது வரியின் தொடக்கத்துக்குச் செல்லும் விசை, நாள்தோறும் தேவைப்படுவது. டீமக்ஸின் இயல்பு முன்விசையும் ஷெல்லில் ஓர் எழுத்து பின்னே நகரும் விசைதான். அதை அம்புக்குறியால் ஈடுகட்டலாம். கன்ட்ரோலோடு இடைவெளி விசை வசதியானது. ஆனால் தமிழ்த் தட்டச்சுக்காகப் பழைய ஐபஸ் அமைப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே மொழி மாற்றும் விசையும் அதுவேயாக இருக்கலாம். அப்படியானால் டீமக்ஸுக்கு அந்த விசை வந்து சேரவே சேராது.

• விசை அட்டவணைகள் நான்கு: ரூட், ப்ரிஃபிக்ஸ், காப்பி-மோட், காப்பி-மோட்-விஐ. பைண்ட் கட்டளை இயல்பாக ப்ரிஃபிக்ஸ் அட்டவணையில் எழுதும். நோவின் முதலெழுத்தைக் கொடியாகக் கொடுத்தால் ரூட் அட்டவணையில் எழுதும். அதாவது முன்விசை இல்லாமலே வேலை செய்யும். ஆல்ட்டோடு அம்புக்குறியை இப்படிப் பிணைத்து பேன்களுக்கு இடையே நகர்வது, விசைப்பலகையை விட்டுக் கையெடுக்காமல் வேலை செய்ய விரும்புவோருக்கு நான் முதலில் சொல்லும் மாற்றம்.

• ரிப்பீட்டின் முதலெழுத்து கொடியானால், முன்விசையை ஒருமுறை தட்டிவிட்டுக் கட்டளை விசையைத் தொடர்ந்து தட்டலாம். பேனின் அளவை மாற்ற இது உதவும். இந்த வாய்ப்பு நீடிக்கும் நேரத்தை ரிபீட்-டைம் முடிவுசெய்கிறது. இயல்பு 500 மில்லி நொடி.

• எஸ்கேப்-டைம்: எஸ்கேப் விசையை அழுத்தியதும், அது தனி விசையா, அம்புக்குறி அனுப்பும் தொடரின் முதல் எழுத்தா என்று அறிய டீமக்ஸ் காத்திருக்கும் நேரம். நெடுங்காலம் இயல்பு 500 மில்லி நொடி. 2024இல் வந்த 3.5 பதிப்பில் 10 ஆனது. மேலே குறித்த 3.2ஏ பழைய கணக்கில் சேரும். எனவே பள்ளிக் கணினியில் விம் எடிட்டர் எஸ்கேப் அழுத்தினால் அரை நொடி மந்தமாகத் தெரியும். கணினியைக் குறை சொல்லாதீர்கள். எஸ்கேப்-டைம் மதிப்பை 10 ஆக்கும் ஒரே வரி போதும். இணைப்பு மிக மெதுவான இடத்தில் 50 வரை வைக்கலாம்.

• ஹிஸ்டரி-லிமிட்: ஒரு பேன் நினைவில் வைக்கும் வரிகள், இயல்பு 2,000. மாற்றினால் புதிதாகத் திறக்கும் பேன்களுக்கே பொருந்தும். ஸ்கிரீனின் இயல்பு வெறும் 100.

• பேஸ்-இண்டெக்ஸ்: இயல்பு 0. விண்டோ எண்ணை 1இல் தொடங்கவைத்தால் விசைப்பலகையின் எண் வரிசையோடு ஒத்துப்போகும். பேன்களுக்குப் பேன்-பேஸ்-இண்டெக்ஸ் தனியாக உண்டு. இரண்டும் வெவ்வேறு வகை: முன்னது செஷன் விருப்பம், பின்னது விண்டோ விருப்பம். எஸ்கேப்-டைம் சர்வர் விருப்பம். பொருத்துக வகை வினாவுக்கு இந்த மூன்றும் நன்றாகப் பொருந்தும்.

• மோட்-கீஸ்: இயல்பு ஈமேக்ஸ். எடிட்டர் அல்லது விஷுவல் சூழல் மாறியில் விஐ என்ற எழுத்துகள் இருந்தால் தானாக விஐ ஆகும்.

• மவுஸ்: இயல்பாக அணைந்திருக்கும். பேன் தேர்வு, அளவு மாற்றம் என்று பிரிந்துகிடந்த பழைய மவுஸ் விருப்பங்கள் 2.1 பதிப்பில் ஒன்றாயின. பழைய நூல்களில் நான்கு வரிகளைப் பார்த்தால் அவை காலாவதியானவை.

• புதிய பேன் அதே அடைவில் திறக்க, பிரிக்கும் கட்டளையோடு நடப்பு அடைவைக் குறிக்கும் பேன்-கரண்ட்-பாத் மாறியைச் சேர்க்க வேண்டும்.

• நிலைப்பட்டையின் இயல்பு நிறம் பச்சைப் பின்னணியில் கறுப்பு. 15 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதை அலங்கரிப்பதில் நாள்கணக்கில் செலவிடுவோர் உண்டு. எந்த சர்வரில் இருக்கிறோம் என்ற பெயர் தெளிவாகத் தெரிந்தால் போதும். தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிடாமல் காப்பது அந்தப் பெயர்தான்.

தமிழ் எழுத்தும் டெர்மினலும்

தமிழில் எழுதும் நாம் மற்றெவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டிய பகுதி இது. ஆங்கில வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை.

• தமிழ் யூனிகோட் பகுதி: 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, பதினாறடி எண்முறையில். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு குறியும் 3 பைட்.

• டெர்மினல் என்பது கட்டம் கட்டமான தாள். ஒவ்வொரு குறிக்கும் எத்தனை கட்டம் என்று நிரல் கணக்கிட்டாக வேண்டும். பிற எழுத்தின் மேல் அமரும் குறிகளுக்கு 0 கட்டம், மற்றத் தமிழ்க் குறிகளுக்கு 1 என்பது மரபான கணக்கு. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் யூனிகோடில் இடம் அடைக்காத வகை. ஆ, இ, உ, ஊ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ குறிகள் இடம் அடைக்கும் வகை.

• எடுத்துக்காட்டாக, பாலக்காடு. நம் கண்ணுக்கு எழுத்து 5. யூனிகோட் குறிகள் 9. புள்ளியைக் கழித்தால் கட்டங்கள் 8. பைட் 27. இடுக்கி: எழுத்து 4, குறி 7, கட்டம் 6, பைட் 21. மூணாறு: எழுத்து 3, குறி 6, கட்டமும் 6, பைட் 18. ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தால் மறக்காது.

• எழுத்துருவோ இந்தக் கட்டக் கணக்குக்குக் கட்டுப்படாது. ஒகரக் குறி மெய்யின் இருபுறமும் நிற்கும், எகரக் குறி முன்னே வந்து நிற்கும். கட்டம் கட்டமாக வரையும் டெர்மினலில் இவை உடைந்து தெரியும். டீமக்ஸ் நினைக்கும் அகலமும் திரையில் விழும் அகலமும் வேறுபட்டால் பேன்களுக்கு இடையிலான கோடு வளையும், கர்சர் தள்ளி நிற்கும். இதற்கு டீமக்ஸ் அமைப்பில் மருந்து இல்லை. எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரிந்த கன்சோல், எம்எல்டெர்ம் போன்ற டெர்மினல்களில் நிலைமை மேல். எக்ஸ்டெர்மில் தமிழ் வேண்டாம்.

• தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடுகள் தெரிந்தால் அது வேறு நோய். உங்கள் மொழிச்சூழல் யுடிஎஃப்-8 அல்ல என்று டீமக்ஸ் கருதிவிட்டது. மொழிச்சூழலைச் சரிசெய்யலாம், அல்லது யுடிஎஃப்பின் முதலெழுத்தைக் கொடியாகக் கொடுத்து டீமக்ஸைத் தொடங்கலாம்.

• இன்ஸ்கிரிப்ட்: இந்திய மொழிகளுக்கு ஒரே விசை வரிசை, 1986இல் வகுக்கப்பட்டது. பள்ளியில் மலையாளத்தை இன்ஸ்கிரிப்டில் தட்டிய விரல்கள் தமிழையும் அதே இடங்களில் தட்டும். மலையாளக் ககரம் இருக்கும் விசையில்தான் தமிழ்க் ககரமும் இருக்கிறது. எல்லைப்புற மாணவருக்கு இது பெரும் வசதி. தமிழ்99: சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தளவமைப்பு.

• விசைப்பலகை தமிழில் இருக்கும்போது முன்விசைக்குப் பின் கிரியேட்டின் முதலெழுத்தைத் தட்டினால், இன்ஸ்கிரிப்டில் டீமக்ஸுக்குப் போய்ச் சேர்வது மகரம், தமிழ்99இல் ஒகரம். டீமக்ஸ் அதை அறியாது, பேசாமல் இருந்துவிடும். யுடிஎஃப்-8 எழுத்தையே விசையாகப் பிணைக்க டீமக்ஸ் இடம் தருகிறது. மகரத்துக்குப் புதிய விண்டோ, லகரத்துக்கு அடுத்த விண்டோ என்று எழுதலாம். நெக்ஸ்டின் முதலெழுத்து இருக்கும் விசையில் இரு தளவமைப்பிலும் லகரமே இருப்பதால் அந்த வரி இருவருக்கும் பொது. ஆனால் இன்ஸ்கிரிப்டில் டிடாச் விசையின் இடத்தில் இருப்பது புள்ளி; தனிப் புள்ளியைப் பிணைப்பது அவ்வளவு எளிதல்ல. கன்ட்ரோலோடு தமிழ் விசை சேரும்போது சில டெர்மினல்கள் ஆங்கில எழுத்தாகக் கொள்ளும், சில கொள்ளாது. எழுத்தைக் கூட்டிச் சேர்க்கும் உள்ளீட்டு நிரலைப் பயன்படுத்தினால் எழுத்து உடனே போகாமல் நிற்கவும் கூடும். ஆகவே கட்டளைக்கு ஆங்கிலம், எழுத்துக்குத் தமிழ் என்று ஒரே விசையில் மாறிப் பழகுவதே உறுதியான வழி.

எளிதில் மாறிப்போகும் விடைகள்

• அட்டாச் செய்யும்போது ரீட்-ஒன்லியின் முதலெழுத்துக் கொடி பார்க்க மட்டும் விடும். டிடாச்சின் முதலெழுத்துக் கொடி, ஏற்கெனவே இணைந்திருக்கும் மற்ற கிளையன்ட்களைப் பிரித்துவிடும்.

• ஒரே செஷனில் இருவர் சேரலாமா? சேரலாம். இருவரும் ஒரே திரையைக் காண்பார்கள். ஸ்கிரீனில் இதற்கு எக்ஸ் கொடி.

• பெயரிட்ட செஷன் இருந்தால் சேரவும் இல்லாவிட்டால் உருவாக்கவும் நியூ-செஷன் கட்டளையோடு பெரிய எழுத்து ஏ கொடி. எஸ்எஸ்எச்சில் நுழைந்ததும் தட்ட வேண்டிய கட்டளை இதுவே.

• மிதக்கும் சிறு சாளரமான பாப்-அப் வந்தது 3.2இல், 2021ஆம் ஆண்டு. 3.2ஏ வைத்திருப்பவருக்கு அது கிடைக்கும்.

• டீமக்ஸ் ஓடும் இடம் முக்கியம். உங்கள் மடிக்கணினியில் டீமக்ஸைத் திறந்து, அதற்குள்ளிருந்து எஸ்எஸ்எச் போனால் இணைப்பு அறும்போது தொலை வேலை சாகும். டீமக்ஸ் தொலை சர்வரில் ஓட வேண்டும். பயன்படுத்துவோரில் பலர் தவறவிடும் இடம் இது. தேர்வில் சூழ்நிலை வினாவாக வந்தால் இதைத்தான் கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள்.

இரு டெர்மினல்களைத் திறந்து, ஒன்றில் செஷனை உருவாக்கி, அந்தச் சாளரத்தை அப்படியே மூடிவிட்டு, மற்றதிலிருந்து சேர்ந்து பாருங்கள். பிஎஸ் கட்டளையைக் கொடுத்து எந்தப் புராசஸின் தாய் எது என்று கவனியுங்கள். சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: லிட்டில் கைட்ஸ் மாணவர்களுக்கு இந்தச் சோதனையைத் தமிழிலேயே செய்து காட்டுங்கள். கணினி இருக்கிறது, மென்பொருளுக்கு விலையில்லை. விளக்கிச் சொல்ல ஒருவர் முன்வந்தால் போதும்.